பதினோரு இடம்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. கொடியில் துணி அப்படியே. இவர் ஃபேக்டரிக்குப் போகிற அவசரத்தில் குடையை மட்டும் எடுத்தார், துணியை எடுக்கவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறக்கப் போய், வாய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள்.

பவி இரண்டு நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஒன்று எல்லோருக்கும் எழுதிக் காட்ட. "ஃபேனைக் குறை", "வலி இல்லை", "யார் போனில்?" என்று அதில் பத்துப் பக்கம் ஆகிவிட்டது. இன்னொன்று இது. இதை யாருக்கும் காட்டப் போவதில்லை.

நிலவரம்: மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து, கீழதைப் பின்னால் தள்ளி, மேலதை முன்னால் இழுத்து, ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். பல்வரிசை இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு. மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் ரப்பர் பேண்ட் போட்டு இறுகக் கட்டு. ஆறு வாரம். பேசினால் வெறும் முனகல், எனக்கே புரியவில்லை. கட்டில் பக்கத்தில் நூல் கட்டிய கத்தரிக்கோல், வாந்தி வந்தால் உடனே பேண்டை வெட்டுவதற்கு. அதைப் பார்த்தாலே வாந்தி வருகிறது.

இன்று உள்ளே போனவை:
ராகிக் கஞ்சி, வடிகட்டியது
ரசம், வடிகட்டியது
மோர்
மறுபடி ராகி
இவர் சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்தது (கொட்டியாயிற்று)

எல்லாம் சிரிஞ்சில், கன்னத்துப் பக்கமாக. பவிதான் ஊட்டுகிறாள். இருபத்து நாலு வயதுப் பெண், அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வேலை, எனக்காக ரெண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் "யெஸ், யெஸ்" என்றபடியே கஞ்சி ஊட்டுகிறாள்.

சாயங்காலம் பஞ்சு. கீழ் உதடும் தாடையும் மரத்துக் கிடக்கின்றன. நரம்பு பிழைக்குமா பிழைக்காதா என்று பார்க்க, தினம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பஞ்சால் தொட்டுக் கேட்க வேண்டுமாம். பவி ஒரு தாளில் தாடை படம் வரைந்து பதினோரு புள்ளி வைத்து நம்பர் போட்டு, ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். தெரிந்தால் டிக். தெரியாவிட்டால் பெருக்கல்.

"இங்க தெரியுதாம்மா?"

தலையாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் குரல் வரும் திசையை வைத்து ஆட்டினேன். மூன்று டிக்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு. குவார்ட்டர்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடம் லீவு, மாடியில் யார் வீட்டுப் பிள்ளைகளோ ஓடுகின்றன.

கண்ணாடி பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாக வீக்கம். அதற்குள்ளே எங்கேயோ புதுத் தாடை. எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வயதில் எவளாவது மூஞ்சியை மாற்றுவாளா? அறிவு கெட்டவளே. அறிவு கெட்டவளே. அறிவு கெட்டவளே.

டிக் இன்று நான்கு.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. பவி கையைப் பிடித்து கேட் வரை நடத்திப் போனாள். பூக்காரி கௌரி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருடமாக எனக்கு முழம் போடுகிறவள். நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பவியிடம் கேட்டாள்:

"பாப்பா, யாரு இது? ஊர்லேர்ந்து வந்துகீறாங்களா?"

"அம்மாதான்க்கா."

"ஐயய்யே! யக்கா, நீயா? இன்னாக்கா, ஆளே மாறிப்பூட்டியே!" எழுந்து வந்து உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. வீக்கம் வடிஞ்சா இன்னும் நல்லாயிரும். இன்னா ஒண்ணு, நீயும் பாப்பாவும் ஒரே அச்சா இருப்பீங்க. இப்போ பாப்பா யாரு ஜாடைன்னே தெர்ல."

பவி சிரித்தாள். பூ வாங்கினாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை. லிஃப்ட் பக்கத்தில் இருக்கிற கண்ணாடியில் ஒரு நிமிஷம் தன் மூஞ்சியைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

தாடையில் கஞ்சி ஒழுகியிருந்ததாம். கௌரி எதிரில். எனக்குத் தெரியவே இல்லை. பவிதான் துப்பட்டாவால் துடைத்தாள்.

டிக் ஆறு.

நவம்பர் 10, திங்கள்

ரெவ்யூ. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆட்டோவில் போனோம், நானும் பவியும். அம்பத்தூர் தாண்டவே ஒரு மணி நேரம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. பெரிய டாக்டர் பவியின் தாளைப் பார்த்தார். டிக் டிக்காக இருக்கிறது. "பிரமாதம்! இந்த வயசுல இவ்ளோ சீக்கிரம் நரம்பு எழுந்துக்கறது ரொம்ப அபூர்வம். நரம்பு மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார். பவி என் தோளைத் தட்டினாள். இல்லை என்று எழுதிக் காட்ட நோட்டு மடியிலேயே இருந்தது. எழுதவில்லை.

அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். சின்ன டாக்டர் பேண்ட் மாற்ற உட்கார்ந்தார். கலகலப்பான பையன். பவியைப் பார்த்தார்.

"நீங்கதான் இவங்க பொண்ணா? ஃபோட்டோல இருக்கற மாதிரியே இருக்கீங்க. நீங்க எப்போ வர்றீங்க?"

"எங்க வரணும்?"

"சர்ஜரிக்கு. அம்மா கேட்டிருந்தாங்களே."

"எந்த ஃபோட்டோ?"

என் வாய்க்குள் அவர் விரல். நான் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறேன். "ம்ம், ம்ம்" என்று கையை ஆட்டினேன். வலிக்கிறது என்று நினைத்து அவர் "ஸாரி ஸாரி" என்றார். பவி என் ஃபைலை எடுத்துப் பின் உறையைப் பிரித்தாள்.

அவளுடைய ஃபோட்டோ. என் அக்கா மகன் கல்யாணத்தில் எடுத்தது, பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். மூக்கிலிருந்து தாடை வரை நீலப் பேனாவில் ஒரு கோடு. தாடைக்கு உள்ளே இன்னொரு கோடு. பக்கத்தில் "7 மி.மீ."

திரும்பி வரும்போது எஸ்டேட் சிக்னலில் ஆட்டோ நின்றது. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏழு மில்லிமீட்டர்."

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து வேகமாக எழுதினேன். அவள் வாங்கி மூடி வைத்தாள்.

"எழுதாத. முனகவும் முனகாத. வாய் திறக்கறப்போ திறந்து சொல்லு. எழுதினா நீ நல்லா யோசிச்சு எழுதுவ. எனக்கு அது வேணாம்."

ஆறாவது வாரம் வரை. இன்னும் நாலு வாரம்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். டிக் இல்லை, ஏனென்றால் பஞ்சு இல்லை.

அவள் படிக்க மாட்டாள். இங்கேயாவது எழுதுகிறேன்.

போன தை மாதம் அம்பத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம். பையன் நிறையச் சிரித்தான். பஜ்ஜி, கேசரி, எல்லாம் நடந்தது. மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பையனோட அம்மா யோசிக்கிறாங்க. பொண்ணு தாடை கொஞ்சம் முன்னாடி... நாளைக்குப் பொறக்கற குழந்தைக்கும் வந்துடுமோன்னு. உங்களையும் பார்த்தாங்க இல்ல."

உங்களையும் பார்த்தாங்க இல்ல.

வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னேன். இவரிடமும் அதையே சொன்னேன். எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. பவி "ஓகே" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அதற்கு முன்பே எனக்குக் கடிக்க முடியாது, காதுக்குக் கீழே வலி, தலைவலி, ஒன்றரை வருடமாகப் பல்லில் கம்பி. எல்லாம் நிஜம். ஆபரேஷன் வேண்டுமானால் செய்யலாம், வேண்டாமானால் வலியோடு சமாளிக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். தரகர் போன் வந்த மறுவாரம் சரி என்றேன். முதலில் நான் போய்ப் பார்க்கிறேன், பயமில்லை என்றால் அவளுக்கும் செய்யலாம் என்று நினைத்தேன். குளிக்க வார்க்கிற வெந்நீரில் நாம் முதலில் கை வைத்துப் பார்ப்பதில்லையா, அப்படி. அதனால்தான் ஃபோட்டோ. அதனால்தான் டிக். தெரியவில்லை என்றால் அவள் பயந்துவிடுவாள்.

இதுவும் முழு உண்மை இல்லை. யாரும் பார்க்காத நோட்டில்கூடப் பொய்யா.

எனக்கே வேண்டும் என்று இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து வேண்டும் என்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே காலேஜ் பசங்க எனக்கு வைத்த பேர் "கரண்டி". "கரண்டிக்கா டூட்டிடா, சில்லறை வெச்சுக்கோ." காதில் விழும். விழாத மாதிரி நெமிலிச்சேரி ஒண்ணு, பட்டாபிராம் ரெண்டு என்று டிக்கெட் கிழித்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூடத் தாடை முழுசாக இல்லை, கை இருக்கும், இல்லை மாலை இருக்கும். பவி பிறந்த அன்று நர்ஸ் "அப்படியே அம்மா" என்றாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் துணியை அவள் தாடை வரை இழுத்துப் போர்த்தினேன்.

அவள் மூஞ்சி எனக்குப் பிடிக்காமல் இல்லை. அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் பட்டது அவளும் படுவாளே என்றுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? பல்லைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

நேரம் தவறாமல் கஞ்சி. நேரம் தவறாமல் மாத்திரைப் பொடி. சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக் கழுவுகிறாள். ஒழுகினால் துடைக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. திட்டினாலும் பரவாயில்லை, தட்டைத் தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை.

இவர் கேட்டார்: "என்னாச்சு ரெண்டு பேருக்கும்? அவளும் பேசமாட்டேங்கிறா. ஒரு வாய்க்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது.

மத்தியானம் பவி ஆதார் வேலையாகக் கரையான்சாவடி வரை போயிருந்தாள். நான் தனியாக. கத்தரிக்கோலை எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று இடது பக்கப் பேண்டில் வைத்தேன். எலும்பு நகர்ந்தால் நகரட்டும், கோணிப்போனால் போகட்டும், அவள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒன்றை வெட்டினேன். பட்டென்று உதட்டுக்கு உள்ளே அடித்தது. அடித்தது என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரியும். இரண்டாவதில் வைத்தேன். எச்சில் மார்பு வரை ஒழுகுகிறது. நாலு வார்த்தை எது என்று அப்போதுதான் யோசித்தேன். ஒன்றுமே இல்லை என்னிடம்.

கதவு திறந்தது. பவி பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, பாக்கெட்டிலிருந்து புதுப் பேண்டை எடுத்து, கொக்கியால் மாட்டினாள். மாட்டி முடிக்கும் வரை அவள் மூச்சு என் கன்னத்தில். அங்கே உணர்ச்சி இருக்கிறது, கன்னத்தில்.

கத்தரிக்கோலை நூலோடு தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வேலை செய்யும்போதும் கழற்றவில்லை.

நவம்பர் 19, புதன்

பவி ஆபீஸ் போக ஆரம்பித்துவிட்டாள். கத்தரிக்கோலைக் காலையில் கழற்றி என்னிடம் தருகிறாள், வந்ததும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். பஞ்சு இப்போது இவர் பொறுப்பு. ஃபேக்டரியில் பெரிய வண்டிக்கு நட்டு முறுக்குகிற கை.

"தெரியுதா ராஜி?"

தலையாட்டினேன்.

"இது?"

ஆட்டினேன். ஒன்பது டிக். "அடேங்கப்பா, ஆவடிக்கே ஸ்வீட் வாங்கித் தரணும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மூக்கு அடைத்துக்கொண்டால் மூச்சு விட முடியாது, அதனால் அழவும் கூடாது. இப்படி ஒரு பிழைப்பு.

எடை ஐந்து கிலோ குறைவு. முடி கொட்டுகிறது. புத்தி மழுங்குகிறது. நேற்று மாமியார் திவசத் தேதி மறந்துபோனது.

நவம்பர் 27, வியாழன்

புயல் என்கிறார்கள், கரெண்ட் இல்லை. மிக்ஸி ஓடவில்லை, அதனால் நாள் பூராவும் பால், மோர், பால்.

வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு பெண். நல்ல அமைப்பான மூஞ்சி, யாரோ பேங்க்கில் வேலை பார்க்கிறவள் மாதிரி. இவளைத்தான் முப்பத்தைந்து வருடமாக வேண்டும் வேண்டும் என்று இருந்தேன். விரலால் தாடையைத் தொட்டேன். விரலுக்குத் தெரிகிறது, தாடைக்குத் தெரியவில்லை. வேறு ஒருத்தியின் மூஞ்சியைத் தொடுகிற மாதிரி கூச்சமாக இருந்தது. திரும்பக் கொடுத்துவிட வழி இருந்தால் இந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன். சத்தியமாக.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. தூறல். பவி ஆபீஸிலிருந்து வந்து பால்கனியில் இருபத்தோரு அகல் ஏற்றினாள், நாலுதான் நின்று எரிந்தன. பொரி உருண்டை வாசனை பக்கத்து வீட்டிலிருந்து. எனக்குப் பால்.

பக்கத்து வீட்டம்மா தட்டோடு வந்தாள். "ராஜியா இது! பத்து வயசு குறைஞ்சிடுச்சு போ. பவிக்கும் பண்ணிடுங்க, அடுத்த தையில ஜம்முனு முடிஞ்சிடும்." நல்ல மனசில்தான் சொன்னாள். எனக்குத்தான் பூமி பிளக்கவில்லை.

பவி அகலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன் ஆன்ட்டி" என்றாள். நிதானமாக, கோபமே இல்லாமல். அந்தக் குரலில் நான் ஒரு நாளும் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதில்லை.

தினமும் பாத்ரூமில் பழகுகிறேன், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியதை. பன்னிரண்டு வாக்கியமாக இருந்தது. இப்போது மூன்று.

டிசம்பர் 8, திங்கள்

கட்டு அவிழ்த்தாயிற்று. தகடும் எடுத்தாயிற்று. வாய் ஒரு விரல் அகலம் திறக்கிறது. இவர் லீவு போட முடியவில்லை, பவி போட்டாள். ஆட்டோவில் வரும்போது நான் பேச ஆரம்பித்தேன். "ரோட்ல வேணாம்" என்றாள்.

வீட்டில், சமையலறையில். கத்தரிக்கோலைக் கழுத்திலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"இப்போ சொல்லு."

நாக்கு தடித்துக் கிடக்கிறது. பழகிய மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை. வந்தது இதுதான்: "எனக்கு என் மூஞ்சி பிடிக்கல. அதே மூஞ்சி உனக்கும் வந்துச்சு. பயந்துட்டேன்."

மிச்சத்தையும் சொன்னேன், தரகர் போன், பையனின் அம்மா சொன்னது, எல்லாம். ஜாதகம் பொருந்தவில்லை என்று நான் சொன்னது பொய் என்பதையும்.

"அது எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"ஜாதகம் பொருந்தாம யாராவது பொண்ணு பார்க்க வருவாங்களாம்மா? பொருந்தின பிறகுதானே வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டாங்க?"

ஐயோ. இருபத்திரண்டு வருடம் ஆயிரம் பேருக்கு டிக்கெட் கொடுத்தவள் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"அன்னைக்கே தெரியும். அந்த வீடே வேணாம்னு விட்டுட்டேன். நீ என்னைக்காவது உண்மையச் சொல்லுவன்னு பார்த்தேன். நீ போய் வெட்டிக்கிட்டு வந்து நிக்கற." குழாயைத் திறந்து மூடினாள். "எனக்கு என் தாடை பிடிச்சிருந்துதும்மா. உன்னோடது மாதிரி இருக்குன்னுதான் பிடிச்சிருந்தது. இப்போ நான் யாரு மாதிரி?"

வாயால் சொன்னேன்: "எனக்குத் தெரியல பவி."

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அந்தத் தாளையே பார்த்தாள்.

"இன்னொண்ணு. ரெவ்யூவுக்கு முந்தின நாள் பஞ்சு வெச்சேன்ல? எட்டு டிக்? அதுல அஞ்சு வாட்டி நான் தொடவே இல்ல. சும்மா 'இங்க தெரியுதா'ன்னு கேட்டேன். நீ தலையாட்டின."

"தெரிஞ்சேவா டாக்டர்கிட்ட குடுத்த?"

"அங்கயாவது வேணாம்னு சொல்லுவன்னு நினைச்சேன். மாத்திரைய நிறுத்தச் சொன்னாரே, அப்பவும் நீ வாயத் திறக்கல. திறக்க முடியாதுதான். நோட்டு மடியிலதானே இருந்துச்சு?"

அந்த மாத்திரையை அவள் நிறுத்தவே இல்லையாம். இத்தனை நாள் பொடி செய்து கஞ்சியில் கலந்திருக்கிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. துணி காய்ந்தது. குழைய வேகவைத்த ரவை, ஸ்பூனால். பாதி வாய்க்குள், பாதி தாடையில். பவி சொல்லித்தான் தெரிந்தது.

சின்ன டாக்டருக்குப் போன் செய்து ஃபோட்டோவை ஃபைலிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னேன். நானே பேசினேன். பாதி புரியாமல் "பெரிய டாக்டரையே கூப்பிடறேம்மா" என்றார். பெரியவரிடம் டிக் எல்லாம் பொய் என்றேன். இத்தனை வாரத்தில் ஒரு இடம்கூட எழுந்திருக்காவிட்டால் முழுசாகத் திரும்புவது சந்தேகம், வயதும் இருக்கிறது, திரும்பாமலும் போகலாம் என்றார்.

சாயங்காலம் பவி ஃபிரிட்ஜில் இருந்த தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் தாடை வரைந்தாள். புதுத் தாடை. எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள், இரண்டு தடவை அழித்தாள். பதினோரு புள்ளி.

"கண்ண மூடு. இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

பதினொன்றுக்கும் அதே. கடைசியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் போட்டாள், பேனா கீறுகிற சத்தம் கேட்டது. முடிந்ததும் தாளைக் கொண்டுபோய் ஒட்டினாள். பழைய தாள் இருந்த அதே இடத்தில், இவர் கண்ணில் படும்படி.